திபேரியஸுக்கு வெள்ளரி, நமக்கு வெள்ளி

பென்னாகரம் பக்கத்துப் பள்ளியில் நான் வரலாறு நடத்திய காலத்தில், ரோமாபுரிப் பாடம் வந்தாலே பின் பெஞ்சு தூங்கிவிடும். ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ரோமானியர் ரொம்பக் காலம் களி தின்றே வளர்ந்தார்கள், தெரியுமா?" என்றேன்.

"ராகிக் களியா டீச்சர்?" என்று ஒரு பையன் எழுந்தேவிட்டான்.

ராகியை அவர்கள் எங்கே கண்டார்கள்! எம்மர் என்னும் பழைய கோதுமையை இடித்து வேகவைத்த களி, பெயர் 'புல்ஸ்'. ரொட்டி சுடப் பழகும்முன் ரோமானியரை வளர்த்தது அதுதான் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்கும் அந்தப் பாடம் பிடிபட்டது. எண்ணெய்க் குளியலைச் சொன்னேன். உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் தேய்த்து, அழுக்கு ஊறியதும் வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். நமக்குச் சீயக்காய், அவர்களுக்குச் சுரண்டி. நகரத்து ஏழைகள் இருந்த வாடகை மாடிகளில் பெரும்பாலும் அடுப்படி கிடையாது. தெருமுனைக் கடையில் சூடாக வாங்கித் தின்பார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயில், பானை பதித்த அந்தக் கடை மேடைகளை இன்றும் பார்க்கலாம்.

பேரரசர்களில் என் பிள்ளைகளுக்குப் பிடித்தவர் திபேரியஸ். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் தலைநகரை விட்டுவிட்டு, காப்ரி தீவில் உட்கார்ந்து கடிதத்திலேயே அரசு நடத்தினார். சாப்பாட்டில் தினமும் வெள்ளரி இருந்தாக வேண்டும். அதற்காகச் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடி வளர்த்து, வெயில் அடிக்கும் பக்கம் உருட்டிப்போவார்கள். குளிர்நாளில் ஒளி புகும் கல்தகட்டால் மூடுவார்கள். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நம்மூரில் வெள்ளரிக்கு இவ்வளவு மரியாதை ஏது?

அந்த மனிதருக்கு ஒரு மனக்குறை இருந்தது. நம் பெண்கள் நகைக்கல் வாங்கி வாங்கி, நம் பணமெல்லாம் அந்நிய தேசத்துக்குப் போகிறதே என்று கி.பி. 22இல் செனட்டுக்கு எழுதினார். போன இடங்களில் ஒன்று நம் கொங்குப் பக்கம். நீலப்பச்சை நிறத்தில் பெரில் என்னும் கல் காங்கேயம் அருகே படியூரில் கிடைத்தது; நொய்யல் கரையில் கொடுமணலில் கல் பட்டை தீட்டினார்கள். அதே நொய்யலை ஒட்டிய வெள்ளலூரில், கோவைக்குப் பக்கத்தில், 1842இல் 500க்கு மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் மண்ணிலிருந்து வந்தன. அவற்றில் அதிகம் திபேரியஸ் தலை பொறித்தவை! தகடூரில் அதியமான்கள் இருந்த சங்க காலத்தில் நடந்த வணிகம் இது.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். காசின் பெயர் தெனாரியஸ். ரோமப் படைவீரனுக்கு வருடச் சம்பளம் 225 தெனாரியஸ். அப்படியானால் வெள்ளலூர்ப் புதையல் ஒரு சிப்பாயின் இரண்டு வருட உழைப்புக்கு மேல். இன்னொன்று: பிளினி சொல்லும் விலைப்படி, சுமார் 327 கிராம் கொண்ட ஒரு ரோம பவுண்டு மிளகு 4 தெனாரியஸ். ஒரு நாள் சம்பளத்துக்கு 50 கிராம் மிளகு வரும். "ரசத்துக்கே பத்தாது டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. சேர நாட்டு முசிறித் துறையில் கப்பலேறிய மிளகு அது.

கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தார், வெள்ளியிலும் கலப்படம் செய்தார். தமிழ்நாட்டில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. நம்மூர் வியாபாரிக்கு நல்ல வெள்ளி எது, மட்டமான வெள்ளி எது என்று தெரிந்திருந்தது என்பதுதான் என் தீர்ப்பு.

கிணறு வெட்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ தலை பொறித்த பழைய காசு கண்ணில் பட்டால், உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.