தேங்காய்த் தீவின் துவான்கள்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், ஏழே வாரத்தில் அடிபட்டுத் தரைதட்டிய இடம் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் கீலிங் தீவுகள். அங்கே தந்தி நிலையத்தை உடைக்க இறங்கிய ஜெர்மானியர்கள், ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினார்கள். அந்தக் கப்பல் குளூனிஸ் ராஸ் குடும்பத்துடையது. தீவுகளும் அவர்களுடையவைதான்.

பவளத்தால் ஆன 27 சிறு தீவுகள். ஆளில்லாமல் கிடந்த அங்கே 1826-ல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர் மலாய் அடிமைகளைக் கொண்டுவந்து குடியேற்றினார். மறு ஆண்டே ஷெட்லாந்துக்காரரான கப்பல் தலைவர் ஜான் குளூனிஸ் ராஸ் குடும்பத்தோடு வந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1831-ல் ஹேர் கிளம்பிவிட, தென்னந்தோப்பும் ஜனங்களும் ராஸ் கைக்கு வந்தன. 1836-ல் அங்கே போன டார்வின், பெயருக்குத்தான் இந்த மலாய் மக்களுக்கு விடுதலை, பல விஷயங்களில் அடிமைகள் போலவே நடத்தப்படுகிறார்கள் என்று எழுதிவைத்தார். 1886-ல் விக்டோரியா மகாராணியோ தீவுகளை அந்தக் குடும்பத்துக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று கொப்பரைத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள். தந்த நிறத்தில் பிளாஸ்டிக் வில்லைகள். அதுதான் கோகோஸ் ரூபாய். முதலாளியின் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. தீவைவிட்டுப் போனவர் திரும்பி வரவும் முடியாது. எல்லோருக்கும் வேலையும் வீடும் தந்தார்கள் என்பது மெய்தான். ஆனால் கூலி, கடை, வீடு, வெளியேறும் வழி எல்லாம் ‘துவான்’ என்று அழைக்கப்பட்ட ஒரே முதலாளியின் பிடியில் இருந்தால், அதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1955-ல் தீவுகளின் ஆட்சி ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது; நிலம் குடும்பத்திடமே இருந்தது. ஐ.நா. குழு 1974-ல் துவானின் பிடியை நேரில் பார்த்துக் கண்டித்தது. தராவிட்டால் கட்டாயமாக எடுத்துக்கொள்வோம் என்று அரசு நெருக்க, 1978-ல் 62.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் குடும்பம் விற்றது. ‘ஓஷியானியா ஹவுஸ்’ மாளிகையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் பறிக்க அரசு முயன்றபோது, செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குடும்பத்தின் கப்பல் நிறுவனத்துக்கு அரசு வேலை தர மறுத்ததும், அவர்கள் கடனில் மூழ்கினார்கள்.

1984 ஏப்ரலில் ஐ.நா. மேற்பார்வையில் தீவு மக்கள் முதல்முறையாகத் தங்கள் எதிர்காலத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப்போட்ட 261 பேரில் 229 பேர் ஆஸ்திரேலியாவோடு சேரவே விரும்பினர். தீவு நிலம் இப்போது அவர்களின் பேரில் உள்ளூர் மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது.