நோயுற்றவருக்கு ஒரு நூலைப் பரிந்துரைப்பது எவ்வாறு?

மருத்துவமனையில் தங்கியிருப்போருக்கு மருந்தும் உணவும் வேளை தவறாமல் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட நீண்ட பொழுதைக் கழிப்பதே அரிதாக இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் டயாலிசிஸ் சிகிச்சைக்காகப் பெரும்பாலும் வாரம் மும்முறை வருகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஓரிடத்திலேயே இருக்கிறார். அறுவை அரங்கின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தினருக்கோ நேரம் நகர்வதே இல்லை. இத்தகைய வேளைகளில், காண வருவோர் பழங்களோடு தாம் படித்து மகிழ்ந்த நூல் ஒன்றையும் கொண்டுவருவது நற்செயல். எனினும், அன்போடு தரப்படும் நூல் சில நேரங்களில் திறக்கப்படாமலே மேசையில் கிடக்கிறது. அரிதாகத் தீங்கும் செய்துவிடுகிறது. ஆகவே, நோயுற்றவருக்கு நூல் பரிந்துரைக்கும் முறையை இங்கே விளக்குகிறோம்.

அரங்கநாதன் காட்டிய நெறி

இதற்கு வழிகாட்டி நம் ஊரிலேயே உண்டு. சீர்காழியில் பிறந்த சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன், 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன் அவர் கணிதப் பேராசிரியர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டு நமக்கு இங்கே பயன்படுவன. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது மற்றொன்று. நூல் எல்லோருக்கும் உரியது என்னும்போது, பார்வையற்றோரையும் சிறையில் உள்ளோரையும் மருத்துவமனையில் இருப்போரையும் அவர் விட்டுவிடவில்லை.

இவ்விதிகளை நோயாளியின் படுக்கையருகே பொருத்திப் பார்த்தால் தெளிவான ஒரு முடிவு கிடைக்கிறது: நூலை நோய்க்காகத் தேர்ந்தெடுக்கலாகாது, வாசகருக்காகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இதய அறுவை செய்துகொண்டவருக்கு இதயத்தைப் பற்றிய நூலே வேண்டும் என்பதில்லை. அவர் வாழ்நாளெல்லாம் பயண நூல்களை விரும்பிப் படித்தவராயின், ஏ. கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளே அவருக்கு உரியவை. மருத்துவமனையில் ஒருவரிடம் பேசுவோர் அனைவரும் அவர் நோயைப் பற்றியே பேசுகின்றனர். "இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கும்போதுதான், அவர் மீண்டும் ஆசிரியராகவோ கணக்கராகவோ கதை விரும்பியாகவோ ஆகிறார்.

உடல்நிலைக்கேற்ற தேர்வு

மயக்க மருந்தின் தாக்கமும் வலிநீக்கி மாத்திரைகளும் சில நாட்களுக்குக் கவனத்தைக் குறைக்கக்கூடும். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோருள் சிலருக்கும் நினைவு தளர்வதுண்டு. நேற்றுப் படித்த பக்கம் இன்று நினைவில் இராது. இது சோம்பலன்று. இந்நாட்களில் பத்து நிமிடங்களில் முடியும் சிறுகதைகளே ஏற்றவை. தேவனின் 'துப்பறியும் சாம்பு' போன்று ஒவ்வொரு கதையும் தனித்து முடியும் நூலாயின், இடையில் விட்டதைத் தேடவேண்டிய தொல்லை இல்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. வீடு திரும்பி வாரக்கணக்கில் ஓய்விலிருப்பவருக்கு அது நல்ல துணை. கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டிருப்பவருக்கோ அதன் கனத்த பாகம் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதே கடினம். மெல்லிய, விரித்தால் மூடிக்கொள்ளாத, பெரிய எழுத்துள்ள பதிப்பையே அவருக்குத் தேடுக. கண் அறுவை செய்துகொண்டவரும் படுத்தபடியே இருக்கவேண்டியவரும் ஒலிநூல்களைக் கேட்கலாம். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் உறக்கம் கெடாதவாறு செவிப்பொறி அணிதல் வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு குறிப்பு. இரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது பார்வையும் மங்கித் தெளியும். அந்நாட்களில் எழுத்து தெரியவில்லை என்று உடனே புதிய கண்ணாடி வாங்கிவிட வேண்டா. சர்க்கரை சீரான பின் கண் மருத்துவரின் அறிவுரைப்படி வாங்குக.

பழைய நூல்களும் தூசியும்

மயிலாப்பூர் லஸ் பகுதியின் பழைய புத்தகக் கடைகளில் அரிய நூல்களைத் தேடியெடுத்தோர் நம்மிடையே பலர். ஆயினும் பழந்தாள்களில் தூசியும் பூஞ்சையும் இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அவை மூச்சிரைப்பை உண்டாக்கலாம். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவர், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தவர் ஆகியோருக்குப் பூஞ்சை நுரையீரலில் கடுமையான தொற்றையே ஏற்படுத்தலாம். இவர்களுக்குப் புதிய நூலையே, செவிலியரிடம் கேட்ட பின்னர்த் தருக. தனிமை அறையில் இருப்பவர் படித்த நூலை, மருத்துவக் குழுவின் இசைவின்றி மற்றவருக்குக் கொடுக்கவும் கூடாது. பலர் கைமாறும் நூலைப் படிக்கும் முன்னரும் பின்னரும் கைகளைத் தூய்மை செய்துகொள்க.

நோய் பற்றிய நூல்கள்

நண்பர்கள் மிகுந்த ஆர்வத்தோடு பரிந்துரைப்பவை இவையே. மிகுந்த கவனம் வேண்டுவனவும் இவையே. ஓர் உணவாலோ மூலிகையாலோ நோய் முழுதும் நீங்கும் என்று உறுதி கூறும் நூலை நம்பி, இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்திவிட்டு ஆபத்தான நிலைக்கு உள்ளாவோர் உண்டு. நூல் தந்தவரின் எண்ணம் நல்லதே, விளைவு நல்லதன்று. எந்த நூலைப் படித்தாலும், மருந்தை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டல் கட்டாயம். அந்நூலையே அவரிடம் கொண்டுவந்து காட்டலாம்; அதில் தயக்கம் வேண்டா.

படிப்பதை மருத்துவத்திற்குத் துணையாக்கும் முயற்சியும் நெடுநாளாக நடந்து வருகிறது. இங்கிலாந்தில் 2013 முதல், மனநலத்திற்கு உதவும் நூல்களை மருத்துவ வல்லுநர்கள் ஆய்ந்து பட்டியலிட, நோயாளிகள் அவற்றைப் பொது நூலகங்களில் பெற்றுப் படிக்கின்றனர். அங்கும் அவை சிகிச்சைக்குத் துணையேயன்றி மாற்று அல்ல.

நோயாளிகள் தம் அனுபவத்தை எழுதிய நூல்களுக்கு வேளை பார்த்தல் வேண்டும். நரம்பியல் அறுவை மருத்துவரான பால் கலாநிதி, தம் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 2016இல் வெளிவந்தது. சிறந்த நூல், எனினும் அறுவைக்கு முந்தைய இரவில் படிக்கத்தக்கதன்று. நோயாளி தாமே கேட்டால் தரலாம்.

பரிந்துரைக்கும்போது

நூலின் பெயரை மட்டும் கூறி நிறுத்தாமல் நான்கு செய்திகளைச் சேர்த்துக் கூறுக:

1. நூல் எத்தனை பக்கம்; எங்கெங்கே நிறுத்திப் படிக்கலாம்.
2. நகைச்சுவையா, துயரமா, அமைதியான கதையா.
3. கதையில் நோயோ மரணமோ வருகிறதா. கதை முடிவைச் சொல்லாமலே இதைச் சொல்லிவிடலாம்.
4. பிடிக்காவிடில் பாதியில் விட்டுவிடலாம் என்னும் உரிமை.

நான்காவது மிக முக்கியமானது. "படித்துவிட்டீர்களா?" என்று மறுநாளே கேட்டால், நூல் கடனாகிவிடுகிறது. "நான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த இடம் பிடித்திருந்தது" என்று சொல்வதே போதுமானது. அவருக்கு விருப்பமிருந்தால் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தாமே படிக்க இயலாதவருக்கு அது பேருதவி.

நோயாளியோடு தங்கியிருக்கும் உறவினரையும் மறவாதீர். இரவும் பகலும் விழித்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ யாரும் நூல் கொண்டுவருவதில்லை. ஒரே நூலை நோயாளியும் உடனிருப்பவரும் மாறி மாறிப் படித்தால், மருந்தையும் கட்டணத்தையும் தவிர்த்துப் பேசுவதற்கு இருவருக்கும் ஒன்று கிடைக்கிறது.

நூல்கள் கிடைக்குமிடங்கள்

நகரெங்கும் உள்ள அரசுக் கிளை நூலகங்களில் உறுப்பினராகி, நூல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவும் சிறுவர் பிரிவும் உள்ளன. மயிலாப்பூர் லஸ் பகுதியில் ரானடே நூலகம் பல தலைமுறை வாசகர்களைக் கண்டது. தியாகராய நகரில் தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றின் விற்பனை நிலையங்கள் உள்ளன. வெளியே செல்ல இயலாதோர், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பல தமிழ் நூல்களைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு.

மருத்துவரிடம் கூறவேண்டியவை

நாள்தோறும் படித்துவந்தவர், இரண்டு வாரங்களுக்கு மேலாக நூலையும் செய்தித்தாளையும் தொடவில்லை, வேறெதிலும் நாட்டமில்லை, உறக்கமும் பசியும் குறைந்துள்ளன எனில், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறுக. எழுத்துகள் திடீரெனப் புரியாமற்போதல், பார்வை திடீரென மறைதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் காத்திராமல் பணியிலுள்ள செவிலியரை அழைக்க வேண்டும். வீட்டிலிருந்தால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.