குப்பை என்ற தீர்ப்பு

கட்சிக்காரனின் ஸாக்ஷியைக் கூண்டில் ஏற்றாமலே வழக்கைத் தள்ளிவிடுவது எவ்வளவு அநியாயம் என்பதை நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜீவ சாஸ்திரத்தில் அத்தகைய தீர்ப்பொன்று வெகுகாலம் அமலில் இருந்தது.

மனிதனுடைய டி.என்.ஏ.யில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. புரோட்டீன் செய்வதற்கு நேரான உத்தரவு அதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஏறக்குறையப் பாதி, ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவது. 'ஆலு' என்ற துண்டு மாத்திரம் 10 லக்ஷத்துக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுகிறது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பண்டிதர், 1972-ஆம் வருஷத்தில், டி.என்.ஏ.யின் பெரும்பகுதி குப்பை என்று எழுதினார். எல்லா எழுத்தும் அவசியமானால், தலைமுறைதோறும் நேரும் எழுத்துப்பிழைகளின் சுமையால் வம்சமே நசித்திருக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பழுதில்லை; 'குப்பை' என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் விசாரணையை நிறுத்திக்கொண்டதுதான் பழுது.

ஸாக்ஷி யாரெனில் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.யைப் பார்த்து உயிரணு எடுத்துக்கொள்ளும் நகலுக்கு அப்பெயர். புரோட்டீனுக்கு உதவாத நகல்கள் இந்தத் திரும்ப வரும் வாசகங்களிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. எதற்காக?

2002-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிசாலையில் ஷிவ் கிரேவால், ராபர்ட் மார்ட்டியன்ஸென் முதலியோர் ஒருவகை ஈஸ்ட்டைப் பரீக்ஷித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் தானிய மதுவில் 1893-இல் கண்டெடுக்கப்பட்ட ஜந்து அது. (மதுவிலக்கில் நமது கொள்கை பிரஸித்தம், ஆயினும் மது செய்த இந்த ஓர் உபகாரத்தை மறைக்க மனமில்லை.) குரோமோசோமின் இடுப்பைப் போன்ற ஸென்ட்ரோமியர் என்ற பாகத்தைச் சூழ்ந்து, இந்த ஈஸ்ட்டில் திரும்ப வரும் வாசகங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இருபுறமும் நகல் எடுக்கப்பட்டு இரட்டை ஆர்.என்.ஏ. உண்டாகிறது. 'டைஸர்' என்ற என்ஸைம் அதைக் கத்தரிக்கோல் போலச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அத்துண்டுகள் தங்கள் பிறப்பிடத்தைத் தேடித் திரும்பிச் சென்று, அங்கே ஒரு ரஸாயன முத்திரை விழச் செய்கின்றன. முத்திரை விழுந்த இடம் இறுகிச் சுருண்டு வாய் மூடுகிறது. கத்தரிக்கோலுக்குரிய ஜீனை நீக்கிப் பார்த்தார்கள். நகல்கள் குவிந்தன, முத்திரை மறைந்தது, உயிரணு இரண்டாகும்போது குரோமோசோம்கள் சமமாகப் பிரியாமல் தடுமாறுவதும் பிறகு தெரியவந்தது. குப்பையின் நகல் இல்லாவிடில் வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிவினையே ஒழுங்காய் நடவாது!

மனித உயிரணுவுக்கும் இதில் பங்குண்டு. மிதமிஞ்சிய சூடு பட்டவுடன் ஆலு ஆர்.என்.ஏ. பெருகி, நகலெடுக்கும் என்ஸைமையே பற்றிக்கொண்டு, பல ஜீன்களின் வேலையை நிறுத்திவைக்கிறது. இது 2008-இல் வெளியாயிற்று. ஆபத்துக் காலத்தில் கச்சேரியை மூடும் அதிகாரம் இந்தக் 'குப்பை'யிடம் இருந்திருக்கிறது.

இத்தனையும் கண்டபின் சிலர் எதிர்க்கோடிக்கு ஓடினார்கள். 2012-இல் என்கோட் என்னும் பெரும் ஆராய்ச்சிக் கூட்டத்தார், டி.என்.ஏ.யில் நூற்றுக்கு 80 பங்குக்கு ஏதோ ஒரு காரியம் உண்டு என்று பறையறைந்தார்கள். இதை நாம் ஒப்பமாட்டோம். நகல் எடுக்கப்பட்டது என்பதாலேயே பத்திரம் செல்லுபடியாகிவிடாது. வெங்காயத்தின் டி.என்.ஏ. மனிதனுடையதைப் போல் சுமார் 5 மடங்கு; அத்தனை எழுத்தும் அவசியமென்றால், வெங்காயத்துக்கு நம்மிலும் அதிக ராஜ்ய காரியங்கள் இருக்கின்றனவா? துண்டுக்குத் துண்டு தனித்தனியே ருஜுவாக வேண்டும்.

ஸாக்ஷி பிறழ்வதும் உண்டு. முதுமையில் விழித்திரை தேய்ந்து பார்வை போகும் ஒருவகை நோயில், கண்ணிலுள்ள உயிரணுக்களில் அதே டைஸர் கத்தரிக்கோல் குறைந்துவிடுகிறதென்றும், நறுக்கப்படாத ஆலு ஆர்.என்.ஏ. தேங்கி அவ்வுயிரணுக்களைக் கொல்கிறதென்றும் 2011-இல் கண்டார்கள்.