பச்சை தெரிந்தால் போதுமா? கலிமந்தான் நிலக்கரிக் காணிகளும் கண்காணிப்பும்

இந்தோனேஷியாவின் கிழக்குக் கலிமந்தான் மாகாணத் தலைநகரான சமரிந்தா, மகாகம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊரைச் சுற்றியும், சில இடங்களில் வீடுகளுக்குப் பக்கத்திலேயும், நிலக்கரி தோண்டிய குழிகள் உள்ளன. மழைநீர் நிரம்பிய அந்தக் குழிகள் பார்வைக்குக் குளம் மாதிரித்தான் தெரியும். 2011க்குப் பிறகு இம்மாகாணத்தில் இப்படியான குழிகளில் மூழ்கி மௌத்தானவர்கள் 30 பேருக்கும் அதிகம். பெரும்பாலோர் சிறுபிள்ளைகள்.

சட்டம் இல்லாததால் நடந்ததல்ல இது. 2010ஆம் ஆண்டின் 78ஆம் இலக்க அரச ஒழுங்குவிதிப்படி, சுரங்கக் கம்பனிகள் தோண்டிய காணியைச் சீர்செய்ய வேண்டும். அதற்கான உத்தரவாதப் பணத்தையும் வைப்பிலிட வேண்டும். 2020ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அந்த வேலை நூறு வீதம் வெற்றி பெற வேண்டும் என்கிறது. அப்படியென்றால் கேள்வி இதுதான்: வெற்றி என்பதை எதைப் பார்த்துச் சொல்வது?

முதலில் வேலையின் ஒழுங்கைப் பார்ப்போம். மேல்மண்ணை வழித்துத் தனியே குவித்து வைக்க வேண்டும். நிலக்கரி எடுத்து முடிந்ததும் கல்லையும் மண்ணையும் குழியில் நிரப்பி, சரிவைத் தணித்து, வடிகால் வெட்டி, கடைசியில் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். அரிப்பைத் தடுக்க முதலில் மூடுபயிர். அடுத்து செங்கோன் போன்ற வேகமாக வளரும் மரங்கள். நிழல் வந்த பிறகு மெரந்தி, உலின் போன்ற அந்தக் காட்டுக்கே உரிய மரங்கள்.

இதைக் கண்காணிக்க இன்று செய்மதி பெரிய உதவி. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் பிரித்தால் ஓர் எண் கிடைக்கும். வெறும் மண்ணுக்கு அது பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும், அடர்ந்த காட்டுக்கு ஒன்றை நெருங்கும். லேண்ட்சாட் செய்மதிகள் 1972 முதல் படமெடுத்து வருகின்றன. 2008 முதல் அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். காடு எப்போது அழிந்தது, எப்போது பச்சை திரும்பியது என்பதை ஆண்டு ஆண்டாகத் தேடிப் பார்க்கலாம். கலிமந்தானில் மேகம் அதிகம் என்பதால் மேகத்தை ஊடுருவும் ராடார் செய்மதிகளும் தேவைப்படுகின்றன.

“மேலே இருந்து பார்த்தால் பச்சைதானே, பிறகென்ன?” என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். நாங்கள் இலுக்குப் புல் என்று சொல்வதை அங்கே அலாங்-அலாங் என்பார்கள். அது அடர்ந்து வளர்ந்தாலும் செய்மதியின் எண் ஏறிவிடும். ஒரே இன மரத்தை வரிசையாக நட்டாலும் ஏறிவிடும். பச்சை வந்துவிட்டது என்பதற்காகக் காடு வந்துவிட்டது என்று ஆகாது.

ஆகவே காலால் நடந்து பார்க்கத்தான் வேண்டும். குறித்த அளவுள்ள சதுரங்களை அடையாளமிட்டு, ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நட்ட கன்றுகளில் எத்தனை தப்பியுள்ளன? எத்தனை இனங்கள்? நடாத மரம் ஏதாவது தானாக முளைத்திருக்கிறதா? பிறகு மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பாரமான இயந்திரங்கள் ஓடி இறுகிய மண்ணில் வேர் ஆழம் போகாது. முதல் சில ஆண்டுகள் செழித்த மரம் பிறகு தேங்கி நின்றுவிடும்.

தண்ணீரையும் விடமுடியாது. நிலக்கரியோடு வரும் பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டதும் அமிலமாகிக் கசியும். அதனால்தான் சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரின் அமிலத்தன்மை 6க்கும் 9க்கும் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும் என்று இந்தோனேஷிய விதி சொல்கிறது. மேட்டில் மரம் செழித்திருக்க, அடிவாரத்து ஓடையில் மீன் இல்லாமல் போகலாம். செய்மதிப் படத்தில் அது தெரியாது. மூடப்படாத குழி நீலமாகத் தெரியும். அதற்கு வேலி இருக்கிறதா என்பதும் அதில் தெரியாது.

இந்தோனேஷிய உலமா சபை 2011இல் வெளியிட்ட 22ஆம் இலக்க பத்வா இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. சுரங்கத் தொழிலை அது ஹராம் என்று ஒதுக்கவில்லை, நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. காணியைச் சீர்செய்து மீட்டெடுப்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. நிபந்தனை என்று வந்துவிட்டால், நிறைவேறியதா என்று பார்ப்பதும் கடமையாகிறது. மரநடுகை விழாவில் எடுத்த போட்டோ அதற்குச் சாட்சியாகாது. காணி அமானத் என்று நாம் சொல்வது உண்மையென்றால், உத்தரவாதப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதிகாரி அந்த மண்ணில் மண்வெட்டி போட்டுப் பார்க்க வேண்டும். ஓடை நீரைச் சோதிக்க வேண்டும். குழிக்கரையில் விளையாடும் பிள்ளைகளின் வாப்பா உம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.