தாயின் தட்டில் இல்லாதது பாலில் வருமா?

கொல்கத்தா: பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது நாடெங்கும் அரசு மருத்துவமனைகள் ஓயாமல் சொல்லிவரும் அறிவுரை. அதில் பிழையேதும் இல்லை. ஆனால், அந்தப் பாலில் சில வைட்டமின்கள் எந்த அளவில் இருக்கும் என்பதைத் தாயின் உணவே தீர்மானிக்கிறது. பிரசாரத்தில் அடிபட்டுப்போகும் இந்த உண்மை, தில்லியில் நடக்கும் உணவுப் பாதுகாப்பு விவாதங்களிலும் அரிதாகவே தலைகாட்டுகிறது.

தாய்ப்பாலில் சேரும் சத்துகள் இரு வகைப்படும். இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் ஆகியவற்றைத் தாய் குறைவாக உண்டாலும் பாலில் அவற்றின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. தாயின் எலும்பிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்தாவது உடல் அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது. பி-1 எனப்படும் தையமின், பி-2, பி-6, பி-12, வைட்டமின் ஏ, அயோடின் ஆகியவற்றின் கதை வேறு. தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும்.

அரசுத் திட்டங்களை இந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டால் வியப்பான முரண் ஒன்று தெரிகிறது. 2018-ல் தொடங்கிய 'ரத்தசோகை இல்லாத பாரதம்' திட்டப்படி, பிரசவத்துக்குப் பின் 180 நாள்களுக்குத் தாய்க்கு நாள்தோறும் தரவேண்டியது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை. 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி கால்சியம் மாத்திரையும் உண்டு. இவை தாயின் உடல்நலத்துக்கு அவசியமானவை; குறை சொல்வதற்கில்லை. ஆனால், தாயின் குறைபாடு நேரடியாகப் பாலில் எதிரொலிக்கும் சத்துகள் இந்த மாத்திரைகளில் இல்லை. பி-12 குறைவாக உள்ளவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை சீரானதுபோல் தோன்றும். நரம்புப் பாதிப்பு தொடரக்கூடும் என்பதும் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்ததுதான்.

மீன் உண்ணும் மாநிலம்: பி-12 இயற்கையில் மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில் மட்டுமே கிடைக்கும். 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் அசைவம் உண்போர் 98 சதவீதத்துக்கும் அதிகம். தமிழ்நாடும் ஏறத்தாழ அப்படியே. எனவே இங்கு இது மரக்கறி விரதம் சார்ந்த பிரச்னை அல்ல. அசைவம் உண்பவர் என்று கணக்கெடுப்பில் பதிவாவது வேறு, வாரத்தில் எத்தனை நாள் தட்டில் மீன் விழுகிறது, அந்தத் துண்டு வீட்டில் யாருக்குப் போகிறது என்பது வேறு.

இதே மாநிலத்தில்தான் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 71.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவித்தது. 2015-16-ல் இது 62.5 சதவீதம். ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளிடையே 54.2-லிருந்து 69 சதவீதமாக உயர்ந்தது. ரத்தசோகைக்கு இரும்புக் குறைபாடு மட்டுமே காரணம் அல்ல என்றாலும், எந்தச் சத்து எவ்வளவு குறைகிறது என்பதை இந்த ஆய்வின் விரல்நுனிப் பரிசோதனை சொல்லாது.

பி-12 குறைந்த பாலைக் குடிக்கும் குழந்தைக்கு என்ன நேரும் என்பதை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னது தமிழகத்தின் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய நால்வர் 1962-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அதை வெளியிட்டனர். தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளர்ந்த குழந்தைகள் சில மாதங்களுக்குப் பின் சுறுசுறுப்பை இழந்தன. தலை நிமிர்த்தவும் சிரிக்கவும் கற்றதை மறந்தன. கை, கால்களில் தோல் கருத்தது, உடல் தன்னிச்சையாக அசைந்தது. தாய்மார்களைப் பரிசோதித்தபோது அவர்களிடமும் பி-12 குறைவு. இத்தகைய குழந்தைகளில் பலர் வெளித்தோற்றத்தில் கொழுகொழுவென்றே இருப்பார்கள் என்பதால், எடை பார்க்கும் தராசுக்கு இந்த நோய் புலப்படாது.

வடித்த கஞ்சி: தையமின் குறைபாடு இன்னும் வேகமானது. அதனால் வரும் பெரிபெரி நோய், தாய்ப்பால் குடிக்கும் இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தையைத் தாக்கினால் அழும் குரல் அடைத்துப்போகும். இதயம் செயலிழந்து சில மணி நேரத்தில் உயிர் போகலாம். தையமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தேறிவிடுவதும் உண்டு. 2010-களில் காஷ்மீர் மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினர். தாய்மார்களின் உணவு பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. பிரசவத்துக்குப் பின் பத்தியம் வேறு.

வங்கமும் தமிழகமும் இந்த நோயிலிருந்து பெருமளவு தப்பியதற்குக் காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பச்சரிசி உண்ட ஆந்திரத்தின் வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்ததையும், புழுங்கல் அரிசிப் பகுதிகளில் அது அரிதாக இருந்ததையும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தினர் சுதந்திரத்துக்கு முன்பே விளக்கியுள்ளனர். அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட், 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்திலும் உறுப்பினர்.

அந்தப் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கல்கத்தா வீதிகளுக்கு வந்து விழுந்தவர்கள் சோறு கேட்கவில்லை. 'ஃபேன் தாவ்' என்றுதான் கேட்டனர். வடித்த கஞ்சியைக் கொடுங்கள் என்று பொருள். நகரத்து வீடுகள் சாக்கடையில் கொட்டிய அந்தக் கஞ்சியில்தான் சோற்றின் பி வைட்டமின்களில் கணிசமான பங்கு கரைந்து போகிறது. வடித்துக் கொட்டும் பழக்கம் இரு மாநிலங்களிலும் இன்னும் மாறவில்லை.

கல்கத்தாவுக்கு இந்தத் துறையில் பழம்பெருமை உண்டு. அகில இந்திய சுகாதார, பொது சுகாதார நிறுவனம் 1932-லேயே இங்கு நிறுவப்பட்டது. குழந்தைகளுக்கான மருத்துவ நிறுவனத்தை டாக்டர் கே.சி. சௌதுரி 1956-ல் இந்நகரில் தொடங்கினார். அறிவுக்கும் ஆய்வுக்கும் குறைவில்லை. பணமும் சட்டமும்தான் பின்தங்கி வந்தன.

சட்டம் சொல்வது: நாடாளுமன்றம் 2013-ல் நிறைவேற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு, குறைந்தது ரூ. 6,000 மகப்பேறு உதவி ஆகியவற்றை உரிமையாக்கியது. 2017-ல் நடைமுறைக்கு வந்த மத்திய திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் ரூ. 5,000 என்று சுருக்கிக்கொண்டது. தமிழக அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 2018-ல் ரூ. 18,000 என உயர்த்தி, அதில் ரூ. 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தந்தது இங்கு ஒப்பிடத்தக்கது.

அங்கன்வாடி உணவுக்கு அதே 2017-ல் தாய் ஒருவருக்கு நாளொன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட செலவு ரூ. 9.50. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்பதோடு நின்றிருந்தது. 2023 ஜனவரியில்தான் அட்டவணை திருத்தப்பட்டு, பி-6, பி-12, வைட்டமின் ஏ உள்ளிட்ட நுண்சத்துகள் அதில் சேர்ந்தன. பத்தாண்டு தாமதம் என்றாலும் வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், அந்தத் திருத்தத்தோடு செலவுத் தொகை உயரவில்லை. உயர்த்தப்படும் என்று 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் அறிவித்தார். கொல்கத்தா சந்தையில் ஒரு முட்டையின் விலையே ரூ. 9.50-ல் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

செறிவூட்டிய அரிசியே தீர்வு என்று வாதிடப்பட்டது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அத்திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க ரூ. 17,082 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அதில் இரும்பு, ஃபோலிக் அமிலத்துடன் பி-12 உண்டு. தையமின் கட்டாயம் இல்லை. விதிப்படி ஒரு கிலோ அரிசியில் இருக்கவேண்டிய பி-12 அளவு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். ரேஷனில் நபருக்கு மாதம் 5 கிலோ என்றால் நாளைக்கு சுமார் 165 கிராம். அதிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 0.2 மைக்ரோகிராம். பாலூட்டும் தாய்க்குத் தேவை என உலக சுகாதார அமைப்பு கூறுவது 2.8. ஒரு முட்டை சுமார் அரை மைக்ரோகிராம் தருகிறது.

இந்தக் குறைபாட்டைக் காட்டிப் பால்மாவு வியாபாரத்துக்குக் கதவு திறந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் தேவை. 1992-ல் இயற்றி, 2003-ல் கடுமையாக்கிய சட்டம் குழந்தைப் பால்மாவு விளம்பரத்தைத் தடை செய்வது அதற்காகவே. தாய்ப்பாலை நிறுத்துவதால் குழந்தைக்கு வரும் ஆபத்து, குறைபாட்டால் வருவதைவிடப் பெரிது. தாய்க்குச் சத்து கொடுத்தால் பாலும் சீராகும், தாயும் தேறுவார்.

2021 மார்ச் முதல் நாட்டின் அங்கன்வாடிகள் 'போஷன் டிராக்கர்' செயலியில் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் பதிவு செய்கின்றன. திருத்திய அட்டவணை கேட்கும் பி-12 தாயின் தட்டில் விழுந்ததா என்பது அந்த உயரத்திலும் எடையிலும் தெரியப்போவதில்லை.