வழக்கறிஞருடன் முதல் சந்திப்பு: எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

புதுடெல்லி: கொடுத்த கடனுக்கோ விற்ற சரக்குக்கோ பெற்ற காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வருகிறது. கொடுத்தவரிடம் கேட்டால் அடுத்த வாரம் தந்துவிடுவதாகக் கூறுகிறார். அந்த 'அடுத்த வாரம்' நான்கைந்து முறை வந்து போன பிறகு வழக்கறிஞரைத் தேடிச் செல்பவர்கள், கையில் வலுவான ஆதாரம் இருந்தும் குற்ற வழக்குத் தொடுக்கும் வாய்ப்பை இழந்து நிற்க நேரிடுகிறது. காரணம், சட்டம் வகுத்துள்ள காலக்கெடு.

1881 ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 138 இன்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்துப்பூர்வமாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். தகவல் மார்ச் 3 ஆம் தேதி கிடைத்திருந்தால் ஏப்ரல் 2 ஆம் தேதியே கடைசி நாள். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்த பின், ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால், தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் மன்னிக்கலாம். அறிவிப்பு தாமதமானால் அத்தகைய சலுகைக்குச் சட்டத்தில் இடமில்லை. அவசரப்படுவதும் ஆபத்துதான்: 15 நாள் முடியும் முன்பே தாக்கல் செய்யப்படும் புகார் செல்லாது என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

30 நாள் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. காசோலையின் செல்லுபடிக் காலமான 3 மாதம் முடியாதிருந்தால், அதை மீண்டும் வங்கியில் செலுத்தி, மறுபடியும் திரும்பினால் புதிதாக அறிவிப்பு அனுப்பலாம். பணத்தை மீட்கும் உரிமையியல் வழக்குக்கோ பொதுவாக 3 ஆண்டுக் கால வரம்பு உள்ளது. எந்த வழி திறந்திருக்கிறது என்பதைத் தேதிகளே சொல்லும். ஆகவேதான், 'என்ன நடந்தது' என்பதற்கு முன் 'எப்போது நடந்தது' என்று வழக்கறிஞர் கேட்கிறார்.

நோட்டீஸ் பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். நுகர்வோர் ஆணையத்தில் தொடரப்பட்ட வழக்கில் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கூடுதலாக 15 நாட்கள் மட்டுமே வழங்க முடியும். பிரிக்காத உறையை மேசை இழுப்பறையில் வைப்பதால் அந்த நாட்கள் நின்றுவிடுவதில்லை.

ஒரு பக்கக் குறிப்பு போதும்

முதல் சந்திப்புக்கு நீண்ட வரலாறு எழுதத் தேவையில்லை. பணம் கைமாறிய நாள், காசோலையில் உள்ள நாள், வங்கியில் செலுத்திய நாள், திரும்பிய தகவல் வந்த நாள் ஆகியவற்றை வரிசைப்படுத்திய ஒரு பக்கம் போதுமானது. அதனுடன் காசோலை, வங்கி தந்த ரிட்டர்ன் மெமோ, கடன் பத்திரம் அல்லது விற்பனை ரசீது, கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைக்கலாம். மெமோ எந்த நாளில் கைக்குக் கிடைத்தது என்பதைக் காட்டும் அஞ்சல் உறை, குறுஞ்செய்தி போன்றவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். அசல் ஆவணங்களை ஒப்படைத்தால், அதற்கு ஒப்புகை பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை.

காசோலைத் தொகையிலும் கவனம் தேவை. 1 கோடி ரூபாய் காசோலைக்கு 2 கோடி ரூபாய் கேட்டு அனுப்பப்பட்ட அறிவிப்பு செல்லாது என்று 2025 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தட்டச்சுப் பிழை என்ற வாதமும் ஏற்கப்படவில்லை.

வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்கக்கூடாது, தமக்குப் பாதகமானவற்றையும்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் பிரிவு 63 இன்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக்க உரிய சான்றிதழ் தேவை. வெறும் ஸ்கிரீன்ஷாட் பல நேரங்களில் போதாது.

எதிர்த்தரப்பு ஏற்கெனவே ஒரு பகுதியைத் திருப்பித் தந்திருந்தால், அதை மறைப்பதே பெரும்பாலான கட்சிக்காரர்கள் செய்யும் தவறு. குறுக்கு விசாரணையில் அது வெளிவரும்போது மொத்த வழக்கும் ஆட்டம் காணும். கட்சிக்காரர் கூறியதை அவரது சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடுவதை அதே சட்டத்தின் பிரிவு 132 தடுக்கிறது. சட்டவிரோத நோக்கத்துக்காகக் கூறப்படுபவைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய முடியாது. இணையத்தில் நட்சத்திர மதிப்பெண்ணுடன் வரும் பட்டியல்களை நம்பி முடிவெடுப்பது சரியல்ல. வழக்கறிஞர்களின் சேவையை விளம்பரப்படுத்தும் இணையதளங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடும் உத்தரவு பிறப்பித்தது. மாநில பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதும், அதே வகை வழக்குகளை அதே நீதிமன்றத்தில் நடத்தியவரா என விசாரிப்பதும் பயன் தரும். மூத்த வழக்கறிஞர் என்ற தகுதி பெற்றவர்களைக் கட்சிக்காரர் நேரடியாக அமர்த்த முடியாது. மற்றொரு வழக்கறிஞர் வாயிலாகவே அணுக வேண்டும்.

கட்டணத்தை முதல் நாளிலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. மொத்தமாகவா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா, நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் தனியா, அவருக்குப் பதிலாக ஜூனியர் ஆஜராவாரா என்பவற்றைக் கேட்டு, எழுத்தில் பெறலாம். வெற்றி பெற்றால் கிடைக்கும் தொகையில் பங்கு என்ற ஏற்பாட்டை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வெற்றி உறுதி என்று முதல் சந்திப்பிலேயே வாக்களிப்பவரிடம் எச்சரிக்கை தேவை. வக்காலத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. சமரசம் செய்யவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கலாம்.

இடையில் வழக்கறிஞரை மாற்றும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது என 2024 மே மாதம் அதே நீதிமன்றம் கூறிவிட்டதால், தொழில்சார் முறைகேடு குறித்த புகார்களை மாநில பார் கவுன்சிலிடமே அளிக்க வேண்டும்.

கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கைகொடுக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தையோ 15100 என்ற உதவி எண்ணையோ அணுகலாம்.

வழக்குத் தாக்கலானதும், 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வழக்கறிஞரிடம் கேட்டுப் பெற வேண்டும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் பதிவிட்டால், அடுத்த வாய்தா எப்போது என்பதைக் கட்சிக்காரரே பார்த்துக்கொள்ளலாம்.