வியட்நாம் தள்ளுவண்டி ரொட்டி

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் சிமென்ட் ஆலை இருக்கிறது. சுற்றுவட்டாரச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் மூட்டையும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. லாரி ஓட்டுகிறவருக்கும் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கும் இலை போட்டு உட்கார நேரம் கிடைப்பதில்லை. நின்றபடியே வாங்கி, ஒரு கையில் பிடித்துச் சாப்பிட வேண்டும். வயிறும் நிறைய வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இந்தத் தேவையைத் தீர்த்துவைப்பது பிரட் ஆம்லெட். வியட்நாமில் அதே வேலையைச் செய்வது பான் மீ.

சைகோன் நகரத் தெருமுனையில் நிற்கும் பான் மீ வண்டியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று, அடியில் கரி அடுப்பு, பக்கத்தில் ரொட்டிக் கூடை. ரொட்டி ஒரு முழம்கூட வராது. இரண்டு முனையும் குறுகி, நடுவில் புடைத்திருக்கும். கடைக்காரர் அதை அனலில் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் கீறித் திறப்பார். ஒரு பக்கம் ஈரலை அரைத்துச் செய்த பாத்தே, மறுபக்கம் முட்டை மஞ்சள் கருவும் எண்ணெயும் அடித்த மயோனைஸ். அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டுகள், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரிக்காய், வினிகரில் ஊறிய முள்ளங்கியும் கேரட்டும், கொத்தாகக் கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய், இரண்டு சொட்டு சோயா சாஸ். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கடித்தால் மேலோடு அப்பளம்போல் நொறுங்கும். உள்ளே பஞ்சாக இருக்கும்.

அந்த மேலோடுதான் இந்த உணவின் உயிர். அதை உண்டாக்குவது நீராவி. சூடேறிய அடுப்பில் மாவை வைத்ததும் முதல் சில நிமிடங்களுக்கு ஆவியைச் செலுத்துவார்கள். அந்த ஈரத்தால் மாவின் மேற்பரப்பு உடனே காய்ந்து இறுகாது. ஈஸ்ட் உண்டாக்கிய கரியமில வாயு சூட்டில் விரிய, பிளேடால் கீறிவிட்ட கோட்டின் வழியே ரொட்டி எழும்பும். அதற்குள் மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து ஈரத்தில் வெந்து கூழாகிவிடும். ஆவியை நிறுத்தியதும் அந்தக் கூழ் காய்ந்து, மெல்லிய பளபளப்பான ஓடாக மாறும்.

உள்ளே இவ்வளவு காற்று எப்படி வந்தது? அரிசி மாவு கலப்பதால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அரிசியில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவைப் பிசையும்போது வலைபோல் பின்னிக்கொண்டு வாயுவைப் பிடித்துவைக்கும் புரதம் அதுதான். அரிசி மாவு கூடக்கூட அந்த வலை பலவீனமாகும். ஈஸ்ட்டைத் தாராளமாகச் சேர்ப்பது, மாவை நன்றாக அடித்துப் பிசைவது, குளூட்டனை வலுப்படுத்த வைட்டமின் சி கலந்த பொடியைச் சேர்ப்பது: பான் மீயின் லேசுக்கு இவையே போதுமான காரணங்கள்.

சைகோனின் காற்றிலும் நம் கடலோரக் காற்றைப் போலவே ஈரம் அதிகம். ரொட்டியின் உட்பகுதியில் பத்தில் நான்கு பங்கு தண்ணீர் இருக்கும். அது மெல்ல வெளியே கசிந்து மேலோட்டை நமத்துப்போகச் செய்யும். வெளிக்காற்றின் ஈரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். சில மணி நேரத்தில் ஓடு தோலாகிவிடும். வண்டியில் கரி அடுப்பு இருப்பதன் அவசியம் இதுதான். அனல் மேலோட்டின் ஈரத்தை விரட்டுகிறது. உள்ளே இறுகத் தொடங்கிய மாவுச்சத்தையும் இளக்கிவிடுகிறது.

கோதுமை விளையாத நாட்டுக்கு இந்த ரொட்டியைக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1859-ல் சைகோனைப் பிடித்த அவர்கள் தங்கள் சாப்பாட்டுக்காக மாவைக் கப்பலில் இறக்கினார்கள். ரொட்டியை வெண்ணெயும் இறைச்சியும் கூட வைத்துத் தட்டில் சாப்பிடுவதுதான் அப்போதைய வழக்கம். 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தார்கள். அப்படி ஹனோயிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958-ல் சைகோனில் ‘ஹோவா மா’ என்ற கடையைத் திறந்தார்கள். தட்டில் இருந்ததை எல்லாம் ரொட்டிக்குள் அடைத்து, வேலைக்கு ஓடுகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். இன்றைய பான் மீ அங்கே உருவானது என்பார்கள். 1975-ல் போர் முடிந்தபின் அகதிகளாகப் போனவர்களுடன் அது அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியின்போது புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பலர் சைகோனுக்குப் போய்ச் சிப்பாய்களாகவும் காவலர்களாகவும் வரி வசூலிப்பவர்களாகவும் வேலை பார்த்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் அங்கே வட்டித் தொழில் செய்தார்கள். தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் தெண்டாயுதபாணி கோயிலும் இன்றும் அந்த நகரத்தில் இருக்கின்றன. மாரியம்மனை வியட்நாமியரும் வந்து கும்பிடுகிறார்கள். வியட்நாமியப் பெண்களை மணந்து ஊர் திரும்பியவர்களால் புதுச்சேரியின் சில வீடுகளில் சாயோ பொரிக்கும் வழக்கம் வந்தது. இறைச்சியும் காய்கறியும் வைத்து மெல்லிய அரிசித்தாளில் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது அது. சாயோவுக்குக் கிடைத்த இடம் பான் மீக்குக் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான். அதற்கு வேண்டிய நீள ரொட்டியைப் புதுச்சேரி பேக்கரிகள் இன்றும் சுட்டு விற்கின்றன.

உள்ளே அடுக்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். பாத்தேயும் மயோனைஸும் முதலில் போவது ருசிக்காக மட்டும் இல்லை. அந்தக் கொழுப்பு, ஊறுகாயின் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கிறது. ஊறிய முள்ளங்கியின் புளிப்பு இறைச்சியின் திகட்டலை அடக்குகிறது.

ஆனால் பச்சை முட்டை மயோனைஸும் இறைச்சியும் வெயிலில் மணிக்கணக்கில் இருந்தால் ஆபத்து. 2024-ல் வியட்நாமின் டோங் நாய் மாகாணத்தில் ஒரே கடையின் பான் மீயைச் சாப்பிட்ட 500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சால்மோனெல்லா கிருமி கண்டறியப்பட்டது. தமிழக அரசும் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தள்ளுவண்டி வியாபாரத்துக்கு எதிரான நடவடிக்கையாக இதைப் பார்க்கக் கூடாது. அந்த வண்டியை நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டிய பாதுகாப்பு இது.

நாம் செய்து பார்க்க மயோனைஸே தேவையில்லை. முட்டையைப் பொரித்து வைக்கும் பான் மீ வியட்நாமிலேயே காலை உணவாக விற்கிறது. நம் பிரட் ஆம்லெட் வண்டிக்காரர்கள் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முள்ளங்கியையும் கேரட்டையும் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, உப்பும் சர்க்கரையும் பிசிறிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அதைப் பிழிந்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ரொட்டியை அனலில் காட்டி, வெண்ணெய் தடவி, நன்றாக வெந்த ஆம்லெட், ஊறிய காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய் என்று அடுக்குங்கள். பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தாமதித்தால் மேலோடு நமத்துவிடும்.